வீட்டில் இல்லாத மொழிக்கு ஒரு பள்ளிக்கூடம்

வேல்ஸ் நாட்டு மொழி வரலாற்றில் 1962ஆம் ஆண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வானொலி உரையிலிருந்துதான் தொடங்குவார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் பிபிசி வானொலியில் வெல்ஷ் மொழியின் கதி பற்றிப் பேசினார். போகிற போக்கில் போனால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வழக்கொழிந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. அந்த உரையின் சூட்டில் ஆகஸ்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. சாலைப் பலகைகளும் நீதிமன்ற அழைப்பாணைகளும் போராட்டக் களமாயின. இளைஞர்கள் சிறை சென்றார்கள். இதெல்லாம் பலரும் அறிந்த கதை.

அடுத்த மாதம் நடந்தது அவ்வளவாக அறியப்படவில்லை. செப்டம்பரில், தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில், பொன்டிப்ரித் நகருக்குப் பக்கத்தில் ரீட்வெலென் என்ற இருமொழி மேல்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் ஆண்டில் நூறு பிள்ளைகள்கூடச் சேரவில்லை. வரலாற்று நூல்கள் உரைக்கு ஓர் இயலையும் பள்ளிக்கு ஒரு வரியையும் ஒதுக்குகின்றன. இந்தப் பங்கீடு எனக்கு உடன்பாடில்லை. உரை கோபத்தை மூட்டியது, அது தேவைதான். ஆனால் லூயிஸ் குறித்த கெடு கடந்தபின்னும் தென்கிழக்கு வேல்ஸில் வெல்ஷ் பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் ரீட்வெலென் பள்ளியிலிருந்தோ அதிலிருந்து கிளைத்த பள்ளிகளிலிருந்தோ வந்தவர்கள்.

அந்தப் பள்ளி எவ்வளவு விந்தையானது என்பது புரிய, அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

வெல்ஷ் எழுத்தறியாதவர்களின் மொழி அன்று. 1588இல் வில்லியம் மோர்கன் விவிலியத்தை முழுமையாக மொழிபெயர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் லாந்தவ்ரோர் ஊர்ப் பாதிரியார் கிரிஃபித் ஜோன்ஸ் ஊர் ஊராக நகரும் பள்ளிகளை நடத்தினார். ஆசிரியர் ஓர் ஊரில் சில மாதம் தங்குவார். பெரியவர்களும் பிள்ளைகளும் வெல்ஷில் வேதம் வாசிக்கும் அளவுக்குத் தேறியதும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். 1761இல் ஜோன்ஸ் இறந்தபோது இப்படி நடந்த பள்ளிகள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தன. அன்றைய ஐரோப்பாவில் எழுத்தறிவு மிகுந்த உழவர்களுள் வேல்ஸ் நாட்டாரும் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆகவே, வெல்ஷ் வழியில் கல்வி என்பது இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல. இருந்ததைப் பறிகொடுத்துப் பின்பு மீட்ட கதை இது.

பறிபோன விதம் நன்கு பதிவாகியிருக்கிறது. 1536ஆம் ஆண்டுச் சட்டமே நீதிமன்றத்துக்கும் அரசுப் பதவிக்கும் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 1847இல் வேல்ஸின் கல்வி நிலை பற்றி மூன்று ஆணையர்கள் அறிக்கை தந்தார்கள். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. பள்ளிகள் மோசம் என்று அவர்கள் எழுதியதில் உண்மை இருந்தது. அத்தோடு நில்லாமல், மக்களின் மொழியையும் ஒழுக்கத்தையும் சேர்த்துப் பழித்தார்கள். நாட்டின் பின்னடைவுக்கு வெல்ஷ்தான் காரணம் என்றார்கள். அறிக்கையின் அட்டை நிறத்தை வைத்து ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று வேல்ஸ் மக்கள் அதைத் தூற்றினார்கள். இப்படியோர் ஆய்வு வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் கேட்டவர் வில்லியம் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டவரே என்பது இதிலுள்ள முரண்.

வகுப்பில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. அடுத்து யார் வெல்ஷ் பேசினாலும் துண்டு அவர் கழுத்துக்கு மாறும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. இதை ஆங்கில அரசு ஆணையிட்டுச் செய்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஓர் ஆணை இல்லை. ஊர் ஆசிரியர்கள் செய்தார்கள். பெற்றோர் பலர் ஒப்பினார்கள். பிள்ளை முன்னேற ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் வர வெல்ஷ் போக வேண்டும் என்று நம்பினார்கள். அரசு ஆணையாக இருந்திருந்தால் எதிர்ப்பது எளிதாக இருந்திருக்கும். தாயும் தகப்பனும் சேர்ந்து எடுத்த முடிவை எதிர்த்து யார் கொடி பிடிப்பது? ரீட்வெலென் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் இந்த முடிவைத்தான் தலைகீழாக்கினார்கள். பள்ளியின் வரலாற்று இடம் அதில் இருக்கிறது.

நடுவே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். லானிவ்லின் ஊர்ச் சிறுவன் ஓவன் எட்வர்ட்ஸ் கழுத்தில் அந்த மரத்துண்டைச் சுமந்தவன். வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு கற்பித்தார். 1907இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்று, பாடத்திட்டத்தில் வெல்ஷுக்கு இடம் தேடினார். அவர் மகன் இவான் 1922இல் ‘உர்த்’ என்ற சிறுவர் இயக்கத்தைத் தொடங்கினார். 1939இல் போர் மூண்டது. லிவர்பூல் போன்ற ஆங்கில நகரங்களின் பிள்ளைகள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வேல்ஸ் ஊர்களுக்கு அனுப்பப்பட்டபோது, அபெரிஸ்ட்வித் நகர வகுப்பறைகள் முழுக்க ஆங்கிலமாகிவிடும் என்று இவான் கவலைப்பட்டார். சொந்தப் பொறுப்பில் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி ஒன்றைத் திறந்தார். மாணவர்கள் ஏழு பேர். ஆசிரியை நோரா ஐசக். அந்த முதல் மாணவர்களில் ஒருவர் இவானின் மகன் ஓவன். 1982இல் வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இந்தப் பேரன்தான். மூன்று தலைமுறையில் மரத்துண்டிலிருந்து தொலைக்காட்சி நிலையம் வரை ஒரே வீடு. கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீண்செலவு இல்லாத வரையில் பெற்றோரின் விருப்பப்படி பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்றது. வெல்ஷை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அன்று அது. ஆனால் வேல்ஸ் பெற்றோர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1947 மார்ச் 1, நாட்டின் காவல் புனிதர் டேவிட் திருநாளன்று, லானெல்லியில் உள்ளாட்சி நிதியில் நடக்கும் முதல் வெல்ஷ் தொடக்கப் பள்ளி தோன்றியது. கார்டிஃபில் 1949இல் ஒன்று. பிறகு ரொன்தா பள்ளத்தாக்கிலும் வந்தன. சிக்கல் பதினொரு வயதில் முளைத்தது. வெல்ஷில் கணக்குப் போட்டு, வெல்ஷில் சண்டையிட்டு வளர்ந்த பிள்ளை, மேல்நிலைப் படிப்புக்கு ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் ஓரிரு ஆண்டில் மொழி கரைந்துவிடும். தொடக்கப் பள்ளியில் போட்ட உழைப்பெல்லாம் வீண்.

முதலில் துணிந்தது வடக்கு. ஃபிளின்ட்ஷயர் கவுண்டியின் கல்வி இயக்குநர் ஹைடன் வில்லியம்ஸ் 1956இல் ரில் என்ற கடற்கரை ஊரில் கிளான் குளுய்ட் பள்ளியைத் திறந்தார். வெல்ஷ் வழியில் நடந்த முதல் மேல்நிலைப் பள்ளி அதுவே. ஆங்கிலேயர் கோடை விடுமுறைக்கு வந்து குவியும் ஊரைப் போய் அவர் தேர்ந்தது பலருக்குப் புதிராக இருந்தது. வெல்ஷ் வற்றிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அதற்குப் பள்ளி வேண்டும் என்பது அவர் கணக்கு. வெல்ஷ் செழித்த மேற்கு ஊர்களில் பள்ளி இல்லாவிட்டாலும் தெருவில் மொழி இருந்தது. 1961இல் அதே கவுண்டியில் மைஸ் கார்மோன் பள்ளியும் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு தெற்கில் ரீட்வெலென்.

தெற்கின் நிலைமை இன்னும் கடினம். 1901 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961இல் அது 26 விழுக்காடு. நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இழப்பு இன்னும் கொடுமையானது. பாட்டியும் தாத்தாவும் சிற்றாலயத்தில் வெல்ஷில் பாடுவார்கள். அப்பாவுக்குக் கேட்டால் புரியும், பேச வராது. பிள்ளைக்கு எதுவும் தெரியாது. ஒரே வீட்டின் மூன்று படிகளில் மொழி இறங்கிப்போயிருந்தது. இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் கார்டிஃபிலிருந்தும் ரொன்தாவிலிருந்தும் கிழக்கே வேறு பள்ளத்தாக்குகளிலிருந்தும் தினமும் பேருந்தேறி ரீட்வெலென் வந்தார்கள். வீட்டில் இல்லாத மொழியில் படிக்க இவ்வளவு தொலைவு பிள்ளையை அனுப்புவது அறிவுடைமையா என்று அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்கள்; கேட்காமல் இருந்தால்தான் வியப்பு.

முதல் தலைமையாசிரியர் குவிலிம் ஹம்ஃப்ரீஸ். பின்னாளில் பள்ளி ஆய்வாளராகவும் குவினெத் கவுண்டியின் கல்வி இயக்குநராகவும் விளங்கியவர். அவர் முன்னிருந்த வேலை இரண்டு. வெல்ஷ் வழியில் படித்தால் ஆங்கிலம் பாழாகும், தேர்வில் தோற்பார்கள் என்ற அச்சத்தைப் போக்குவது ஒன்று. பாடநூலே இல்லாத மொழியில் பாடம் நடத்துவது மற்றொன்று.

முதலாவதற்கு விடை பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது. இருமொழிப் பள்ளி என்று பெயர். தொடக்கத்தில் வரலாறு, புவியியல், சமயம், இலக்கியம் ஆகியவை வெல்ஷில். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். இது கொள்கையாகச் சிந்தித்து எடுத்த முடிவு என்பதைவிட, கைக்கு எட்டியதைக் கொண்டு செய்த ஏற்பாடு என்பதே சரி. வேதியியலுக்கு வெல்ஷ் பாடநூல் இல்லை, கற்பிக்க ஆளும் இல்லை. பல்கலைக்கழகத்தில் எப்படியும் ஆங்கிலம்தான். பெற்றோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒரு கெடுதல் விளைந்தது. பாட்டுக்கும் கவிதைக்கும் வெல்ஷ், ஆய்வுக்கூடத்துக்கு ஆங்கிலம் என்று பிள்ளைகள் மனத்தில் ஒரு தரவரிசை படிந்தது. எந்த எண்ணத்தை உடைக்கப் பள்ளி தொடங்கியதோ, அதையே பாட அட்டவணை வலுப்படுத்தியது.

இதைத் திருத்தப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆசிரியர்களே பாடக் குறிப்புகளை எழுதிப் படியெடுத்துக் கொடுத்தார்கள். 1948இல் அமைந்த வேல்ஸ் கூட்டுக் கல்விக் குழு வெல்ஷிலேயே தேர்வெழுத வழி செய்தது, பாடநூல்களையும் கொணர்ந்தது. அபெரிஸ்ட்வித்தின் கல்வியியல் பேராசிரியர் ஜாக் எல். வில்லியம்ஸ் பதிப்பித்த கலைச்சொல் அகராதி 1973இல் வெளிவந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கலைச்சொல் முழுமையாகத் திரண்டபின் பள்ளி திறப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பள்ளி 1962இல், அகராதி 1973இல். வகுப்பறைக்குச் சொல் வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் சொல் பிறந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கணிதமும் அறிவியலும் படிப்படியாக வெல்ஷுக்கு வந்தன.

பள்ளியின் பெயரில் இருந்த ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்ற சொல் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் அக்காலத்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை கிராமர் பள்ளிக்கும் மற்றவர்களைச் சாதாரணப் பள்ளிக்கும் பிரித்தனுப்பினார்கள். அந்த வடிகட்டலைக் கைவிட்டு எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியே காம்ப்ரிஹென்சிவ். வேல்ஸ் இதில் முன்னோடி: ஆங்கில்சித் தீவின் ஹோலிஹெட் ஊரில் 1949இலேயே இப்படி ஒரு பள்ளி வந்துவிட்டது. வெல்ஷ் வழிப் பள்ளிகளுக்கோ வேறு வழியே இல்லை. இருந்த சொற்பப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தால் எதுவும் நிலைக்காது. ஆகவே வழக்கறிஞர் மகளும் சுரங்கத் தொழிலாளி மகனும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தார்கள். வறுமையான எண்ணிக்கை தந்த கொடை இது. வெல்ஷ் வழிக் கல்வி படித்தவர் வீட்டு ஆசையாகச் சுருங்காமல் பள்ளத்தாக்குகளில் வேர்பிடிக்க இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வகுப்பறையில் இரு மொழியை எப்படிக் கையாள்வது என்ற கேள்வியிலிருந்து கல்வியியலுக்கு வேல்ஸ் தந்த கொடையும் உண்டு. பாங்கர் நகரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த கென் வில்லியம்ஸ், மேல்நிலைப் பள்ளிகளின் இருமொழிக் கற்பித்தலை ஆராய்ந்து 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் விளக்கிய முறை இது: ஆங்கிலத்தில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு, அதைப் பற்றி வெல்ஷில் விவாதித்து வெல்ஷில் எழுதுவது. அல்லது இதற்கு மறுதலை. மொழிமாற்றிப் படியெடுத்தால் இது நடக்காது; பொருளைச் செரித்தால்தான் மறுமொழியில் எழுத முடியும். அவர் ‘ட்ரவ்ஸ்யெய்த்தி’ என்று பெயரிட்ட இந்த முறை, இன்று ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்லாங்குவேஜிங்’ என்ற பெயரில் உலகெங்கும் கல்வியியல் துறைகளில் பேசப்படுகிறது. பேசுகிறவர்களில் பலருக்கு அதன் பிறப்பிடம் தெரியாது.

ரீட்வெலென் நிரம்பி வழிந்தது. அதன் பரப்பிலிருந்து பிரிந்து 1974இல் லான்ஹரி, 1978இல் கார்டிஃபின் கிளான்டாவ், 1981இல் கும் ரம்னி, 1988இல் ரொன்தாவின் கமெர் என்று பள்ளிகள் எழுந்தன. இவற்றில் கிளான்டாவ் ஏற்கெனவே இருந்த ஆங்கிலப் பள்ளியொன்றின் கட்டடத்தில் தொடங்கியது. வெல்ஷ் பள்ளிக்குப் புதுக் கட்டடம் தர உள்ளாட்சிகள் எளிதில் மனம்வைக்கவில்லை. பிறர் விட்டுச்சென்ற கூடங்கள்தான் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் மனு எழுதி, கூட்டம் போட்டு, கவுன்சிலர்களின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 1971இல் தொடங்கிய வெல்ஷ் மழலையர் பள்ளி இயக்கம் கீழிருந்து பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. மேலே எஸ்4சி வந்தபின், வெல்ஷ் படித்தால் வேலை உண்டு என்பதும் கண்கூடானது. ஹாலிவுட் வரை போன நடிகர்கள் யோவன் கிரிஃபித்தும் மேத்யூ ரீஸும் கிளான்டாவ் மாணவர்கள். வேல்ஸ் அணிக்கு ரக்பி ஆடி, மருத்துவரும் ஆன ஜேமி ராபர்ட்ஸும் அங்கே படித்தவர். ஆங்கிலம் பாழாகும் என்ற பழைய அச்சத்துக்கு இவர்களைவிட வேறு விடை வேண்டாம்.

இத்தகைய பள்ளியைப் பற்றி எழுதினால் புகழ்ச்சி மட்டும் என்றொரு வழக்கம் இருக்கிறது. குறையையும் எழுதுவதே முறை. ரீட்வெலென் தன் நாடகங்களால் பெயர் பெற்ற பள்ளி. அதே நாடகத் துறையில் ஆசிரியர் ஒருவர் மாணவர்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் வெடித்தது. வேல்ஸ் சிறார் ஆணையர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. மாணவர்கள் சொன்னதை அது ஏற்றது. பொறுப்பிலிருந்தவர்கள் விஷயத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டித்தது. சிறுபான்மை மொழியின் பெருமைச் சின்னமாக நிற்கும் நிறுவனத்தில் குறை சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். மொழிப்பற்று எந்தப் பள்ளிக்கும் கேடயம் ஆகக் கூடாது.

நடைக்கூட மொழி இன்னொரு குறை. ஆசிரியரிடம் வெல்ஷ், இடைவேளையில் தோழனிடம் ஆங்கிலம் என்பது தெற்கின் வெல்ஷ் பள்ளிகள் பலவற்றில் இருக்கும் வழக்கம். தலைமையாசிரியர்கள் கெஞ்சியும் கண்டித்தும் பார்த்துவிட்டார்கள். பள்ளி முடிந்த அன்றே வெல்ஷைப் பையோடு மூடிவைக்கும் பிள்ளைகளும் உண்டு. கணக்கெடுப்பு இதை மறைக்கவில்லை. 2021இல் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு, அதாவது சுமார் 5,38,000 பேர், 2011ஐவிடக் குறைவு. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மேற்கே வெல்ஷ் தாய்மொழியாக இருந்த கார்மார்தன்ஷயரில் பத்தாண்டில் 43.9இலிருந்து 39.9 விழுக்காடாக வீழ்ச்சி. தலைநகர் கார்டிஃபில் 11.1இலிருந்து 12.2ஆக ஏற்றம். ரீட்வெலென் இருந்த ரொன்தா கனன் டாஃப் மாவட்டத்தில் சிறு ஏற்றம். நாடே இறங்கும்போது ஏறிய இடங்கள் மிகச் சிலவே. அவை, பெரும்பாலும் வீட்டில் மொழி இல்லாமல் பள்ளியால் மொழி வந்த இடங்கள்.

இதிலிருந்து பள்ளியே போதும் என்று முடிவு கட்டினால் தவறு. கார்மார்தன்ஷயரிலும் வெல்ஷ் பள்ளிகள் நிறைய உண்டு. வேலை தேடி இளைஞர் வெளியேற, ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் வீடு வாங்கிக் குடியேறினால், பள்ளி என்ன செய்யும்? பேசுவோரை உருவாக்குவது பள்ளியால் முடியும். பேச இடம் தருவது கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆட்டக்களத்துக்கும் உரிய வேலை. ரீட்வெலென் தன் பங்கை நிறைவாகச் செய்தது என்றே சொல்வேன். மற்றவை தத்தம் பங்கை அதே அளவு செய்தன என்று சொல்ல மாட்டேன்.

வேல்ஸ் அரசு 2050க்குள் பத்து லட்சம் பேரை வெல்ஷ் பேசச் செய்வது என்ற இலக்கை 2017இல் வகுத்தது. 2025இல் அதற்கெனத் தனிக் கல்விச் சட்டமும் இயற்றியது. ஒரு காலத்தில் பெற்றோர் மனுப் போட்டுக் கேட்டதை இன்று அரசே கடமையாக ஏற்றிருக்கிறது. ரீட்வெலென் என்ற பெயர் மட்டும் இப்போது இல்லை. 2006இல் பள்ளி பக்கத்து ஊருக்கு இடம்பெயர்ந்து கார்த் ஓலுக் என்று பெயர் மாறியது. 2019 முதல் மூன்று வயது மழலையிலிருந்து பத்தொன்பது வயது வரை ஒரே வளாகத்தில் வெல்ஷில் கற்பிக்கிறது. அன்று ஒற்றைப் பள்ளியாக அது நின்ற பரப்பில், ரொன்தா கனன் டாஃப் மாவட்டத்தில் மட்டும் இன்று மேல்நிலைக் கல்வியை வெல்ஷில் தரும் பள்ளிகள் நான்கு, கார்டிஃபில் மூன்று.